செட்டிநாட்டுக் கொட்டான்: இல்லக்கலை கைத்தொழிலான வரலாறு

கொட்டான் என்பது பனங்குருத்தோலையால் முடையப்படும் சிறுகூடை. முடைந்த கலன்கள் தமிழர் வாழ்வில் மிகத் தொன்மையானவை. ஐங்குறுநூற்றில் பாண்மகள் மீன் கொண்டுவந்த வட்டியில் மனையோள் நெல் நிறைத்துத் தருகிறாள். பண்டமாற்றுக்கும் கொடைக்கும் பெண்கள் கையாண்ட கலன் வட்டி என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. செட்டிநாட்டுக் கொட்டானும் இம்மரபைச் சார்ந்ததே. எனினும் அதனை முடைந்தவர் யார் என்னும் வினா இதன் வரலாற்றைத் தனித்து ஆராய வேண்டியதாக்குகிறது.

பிற பகுதிகளில் ஓலை முடைதல் பெரும்பாலும் எளிய குடும்பங்களின் பிழைப்புத் தொழில். செட்டிநாட்டிலோ செல்வம் மிக்க நகரத்தார் இல்லங்களின் ஆச்சிமார் வளவிலும் இரண்டாங்கட்டிலும் அமர்ந்து கொட்டான் முடைந்தனர். ஆடவர் பர்மா, மலேயா, இலங்கை எனக் கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய காலம் அது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயமேற்றி, நீர் தெளித்து நெகிழ்த்திய பின்னரே முடையத் தொடங்க வேண்டும். அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமைவது இதன் இயல்பு. பின்னல் உறையும் பாசிமணியும் கொண்டு சிலவற்றை அணிசெய்தனர். திருமணத்திலும் பிற சடங்குகளிலும் மங்கலப் பொருள்களை ஏந்திச் செல்வதற்கும் உற்றாருக்கு வழங்குவதற்கும் இவை பயன்பட்டன. பனையேறி ஓலை இறக்கியோர் வேறு மக்கள் என்பதையும் மறத்தலாகாது.

இக்கொட்டான்கள் விற்பனைக்கு உரியனவாக இருக்கவில்லை. ஐந்தொகை, பேரேடு எனக் கணக்கெழுதுவதில் தேர்ந்த ஒரு சமூகத்தில், பெண்களின் இவ்வுழைப்பு விலையற்றதாதலால் கணக்கில் ஏற வழியில்லாமற் போயிற்று. அழிவுக்கும் இதுவே காரணமாயிற்று எனலாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலைக்குப் பின் அங்கு நிலங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதும் நகரத்தாரின் பொருளாதாரத்தைக் குலைத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன, வளவுகள் பூட்டப்பட்டன. நெகிழிக் கூடைகளும் வந்துசேர்ந்தன. விற்பனைத் தொழிலாயின் வாங்குவோரேனும் அதனைத் தேடியிருப்பர். இல்லக்கலையோ இல்லம் கலைந்தபோது தானும் கலைந்தது.

2000ஆம் ஆண்டில் விசாலாட்சி இராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை இக்கலையை மீட்கும் முயற்சியில் இறங்கியது. முடையத் தெரிந்த முதிய ஆச்சிமார் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அவர்களிடமிருந்து பெற்ற நுட்பம் காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இவர்கள் நகரத்தார் அல்லர். வருவாய் தேடி வந்தவர்கள். ஆச்சியின் ஓய்வுப் பொழுதில் உருவான பொருள் இவ்வாறு வேறொரு பெண்ணின் கூலியாயிற்று. இதனை மீட்பு என மட்டும் கூறுவது பொருந்தாது. கைவினை ஒரு சமூகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியதே உண்மையில் நிகழ்ந்தது. அக்கைமாற்றம் நிகழாதிருப்பின் கொட்டான் அருங்காட்சியகப் பொருளாகவே எஞ்சியிருக்கும்.

சந்தையும் மாறிற்று. முன்பு கொடுப்பவளே முடைந்தாள். மயிலாப்பூரிலோ மும்பை மாட்டுங்காவிலோ திருமணத் தாம்பூலத்தைப் பையிலிட்டு வழங்கும் நகரத் தமிழ்க் குடும்பம் அப்பைக்கு மாற்றாகக் கொட்டானை நாடினால், அதனை விலைகொடுத்தே பெறவேண்டும். முடைந்தவளை அது அறியாது.

செட்டிநாட்டுக் கொட்டான் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருளின் பெயரையும் அது தோன்றிய நிலப்பகுதியையும் காக்கிறது. பிற இடத்துப் பொருளை இப்பெயரில் விற்பதற்கு அது தடையாகும். ஆனால் ஓலை வகிர்வது முதல் விளிம்பு மடிப்பது வரை செலவாகும் நேரத்திற்கு முடைபவள் பெறவேண்டிய கூலியை அச்சட்டம் வரையறுப்பதில்லை. அது இன்றும் கொட்டானை வாங்குவோரும் விற்போரும் பேசி முடிக்கும் விலையைப் பொறுத்தே அமைகிறது.