மைக் செட்டில் பிறந்த இசை

பாப் மார்லியின் முகம் தெரியாதவர்கள் இன்று குறைவு. பேரப்பிள்ளைகளின் பனியனிலும் பைக்கின் பெட்ரோல் டேங்க்கிலும் அந்தச் சடைமுடியைப் பார்த்திருப்பீர்கள். அவர் பாடிய இசைக்கு ரெக்கே என்று பெயர். அதிலிருந்து கிளைத்த இன்னொன்று டப். இரண்டையும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசையோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் இது என்ன புதுப் பழக்கம் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த இசையை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர்கள் பாடகர்கள் அல்ல, மைக் செட்காரர்கள். நம் ஊர் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டினார்களே, அதே தொழில்காரர்கள்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர்கள் எங்கள் தெருவில் மாடியில் வாடகைக்கு இருந்த வடகிழக்கு மாநிலப் பையன்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்த பிறகு, பென்னலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்காத தெரு அபூர்வம். ஒரகடம் வளர்ந்ததும் இன்னும் கூடிவிட்டது. வாரம் முழுக்க ஷிப்ட். விடுப்பு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, சமைத்துச் சாப்பிட்டு, ஆடிப் பாடி இருப்பார்கள். தரை வழியாக வந்த அந்தத் தாழ்ந்த ஒலி எனக்குப் புதிது. மேலே போய், "என்ன பாட்டுப்பா இது?" என்று கேட்டேன். "டப் அங்கிள், ஜமைக்கா" என்றான் ஒருவன். அவன் கைபேசியில் எழுதிக் கொடுத்த பெயர்களை வைத்துத்தான் யூடியூபில் தேட ஆரம்பித்தேன்.

ஜமைக்கா கரீபியன் கடலில் உள்ள சிறிய தீவு. சுமார் 11,000 சதுர கிலோமீட்டர்தான். இலங்கையில் ஆறில் ஒரு பங்கு. மக்கள் தொகை 30 லட்சத்துக்கும் கீழே. நம் தலைமுறைக்கு அது மைக்கேல் ஹோல்டிங்கின் ஊர் என்றால் உடனே புரியும். ஆனால் நமக்கும் அந்தத் தீவுக்கும் கிரிக்கெட்டுக்கு முன்பே உறவு உண்டு. அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். 'பிளண்டல் ஹண்டர்' என்ற முதல் கப்பல் 1845 மே 10ஆம் தேதி ஓல்ட் ஹார்பர் பே என்ற துறையில் போய்ச் சேர்ந்தது. அது கல்கத்தாவிலிருந்து போனது. தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். 1917 வரை சுமார் 36,000 பேர். அவர்கள் கொண்டுபோன ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் இன்றும் அங்கே விருந்துச் சாப்பாடு. கஞ்சா என்ற சொல்லும் இங்கிருந்து போனதுதான். அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இனி மைக் செட் கதைக்கு வருவோம். 1940களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்கு வீட்டில் ரேடியோ கிடையாது. ஹோட்டல்களில் வாசிக்கும் பேண்ட் குழுவுக்குக் கொடுக்கப் பணமும் கிடையாது. அப்போது டாம் வோங் என்ற சீன வம்சாவளி வியாபாரி தன் ஹார்டுவேர் கடைக்கு ஆட்களை இழுக்க ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டார். கடையை விடப் பாட்டுக்குக் கூட்டம் வந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இருவர். ஒருவர் டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர், மதுக்கடை வைத்திருந்தவர். மற்றவர் காக்ஸன் டாட், அமெரிக்காவுக்குப் பண்ணை வேலைக்குப் போய்த் திரும்பும்போது இசைத்தட்டுகளும் சாதனங்களும் கொண்டுவந்தவர். திறந்தவெளியில் செட்டைப் போட்டு, வாசலில் டிக்கெட் வசூலித்து, உள்ளே பானம் விற்றுப் பிழைத்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சவுண்ட் சிஸ்டம்'. நாம் 'சவுண்ட் சர்வீஸ்' என்று பெட்டியில் பெயின்ட்டால் எழுதியதற்கும் அதற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம்.

அதே காலத்தில் இங்கேயும் மைக் செட் பரவிக்கொண்டிருந்தது. கரண்ட் வராத ஊர்களில் கார் பேட்டரியில் ஆம்ப்ளிஃபையர் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தென்னை மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டுவார்கள். முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. ஆடி ஞாயிறு கூழ் வார்த்தல் என்றால் காலையிலிருந்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. தேர்தல் வந்தால் நாகூர் ஹனீபா. ராத்திரி கூட்டம் கூடியதும் 'திருவிளையாடல்', பிற்காலத்தில் 'விதி' படத்தின் கதை வசனம். ஊரே மனப்பாடமாகக் கூடச் சொல்லும். தொழில் ஒன்று, வறுமை ஒன்று, சாதனமும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க அங்கே அதிலிருந்து புது இசை பிறந்தது, இங்கே பிறக்கவில்லை. ஏன் என்பதுதான் பல ஞாயிறுகளாக என் மண்டையைக் குடைந்த கேள்வி.

எனக்குப் பட்ட முதல் காரணம் பிழைப்பு. நம் மைக் செட்காரருக்குக் காசு கொடுப்பவர் கல்யாண வீட்டுக்காரர் அல்லது கோயில் தர்மகர்த்தா. வாடகை பேசினால் பேசியதுதான். எந்தப் பாட்டு என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். ஜமைக்காக்காரருக்கு அப்படி நிச்சயமான வாடகை இல்லை. பக்கத்துத் தெருவில் போட்டியாளர் செட்டைப் போட்டிருப்பார். அவரிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருந்தால்தான் கூட்டம் வரும், அடுப்பு எரியும். எந்தத் தட்டு என்று மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்க, டாட் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவாராம்.

இரண்டாவது, சரக்கு. அவர்கள் போட்டது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டப் பாட்டுகள். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் வந்து ரசனை மாறியது. இவர்களுக்குப் பிடித்த மாதிரித் தட்டுகள் வருவது குறைந்தது. வேறு வழியில்லாமல் உள்ளூர்ப் பையன்களைப் பாடவைத்துத் தாங்களே பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். கென் கௌரி என்பவர் ஏற்கெனவே ஃபெடரல் என்ற பெயரில் உள்ளூரிலேயே தட்டு தயாரித்துக்கொண்டிருந்தது உதவியாகப் போயிற்று. 1962 ஆகஸ்ட் 6இல் நாடு சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே டாட் 'ஸ்டூடியோ ஒன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். முதலில் ஸ்கா, பிறகு ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெக்கே என்று இசை உருமாறிக்கொண்டே வந்தது. நமக்கோ சினிமா இருந்தது. எம்.எஸ்.விஸ்வநாதனும் கே.வி.மகாதேவனும் பிறகு இளையராஜாவும் வாரம் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது, மைக் செட்காரர் எதற்குத் தானே பாட்டுத் தயாரிக்க வேண்டும்? கிணறு நிறைந்திருந்த வீட்டில் யாரும் ஊற்று தோண்டவில்லை.

மூன்றாவது காரணம் ஸ்பீக்கர். வேலை காரணமாக எனக்கு வயரிங், ஆம்ப்ளிஃபையர் விஷயம் கொஞ்சம் தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன். நம்முடைய கூம்புக் குழாய் மனிதக் குரலை வெகு தூரம் கொண்டுபோகும். ஆனால் கனமான தாழ்ந்த ஒலி அதில் வராது. பக்கத்து ஊருக்குச் சேதி சொல்லத்தானே நாம் அதைக் கட்டினோம்! அதனால் நம் காதுக்கு வார்த்தைதான் முக்கியமாயிற்று. கதை வசனம் கூட ஓடியது அதனால்தான். அவர்கள் அலமாரி அளவுக்கு மரப்பெட்டி செய்து அதில் பெரிய ஸ்பீக்கர்களைப் பொருத்தினார்கள். தூரத்துக்குப் போவதை விட, முன்னால் நின்று ஆடுபவரின் நெஞ்சில் மோதுவதுதான் தேவை. ஆகவே அவர்களுடைய இசையில் பேஸ் கிதாரும் டிரம்மும் எஜமானர்கள்.

ரெக்கேயின் தாளத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்கு எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால், நாம் பலமாகத் தட்டும் முதல் எண்ணிக்கையை அவர்கள் சும்மா விட்டுவிடுவார்கள். டிரம்மின் அடி மூன்றாவதில் விழும். கிதார் எண்ணிக்கைகளுக்கு நடுவே 'சக், சக்' என்று வெட்டும். கச்சேரியில் சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் பல்லவியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் சட்டென்று பிடிபடும். அந்த வெற்றிடம்தான் அதன் அழகு.

டப் பிறந்தது இன்னும் வேடிக்கை. 1960களின் இறுதியில் ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்காக டியூக் ரீடின் கூடத்தில் ஒரு தட்டு வெட்டினார்கள். ஒலிப்பதிவாளர் பாடகரின் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே எடுத்துப்போய் ஆட்டத்தில் போட்டார். குரல் இல்லாத இடத்தில் கூட்டமே பாடியது! அன்றிலிருந்து தட்டின் மறுபக்கம் குரலில்லாத வடிவத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டது.

அதைக் கலையாக்கியவர் கிங் டபி. இயற்பெயர் ஆஸ்பர்ன் ரட்டக், 1941இல் பிறந்தவர். தொழில் ரேடியோ ரிப்பேர். ஆம்ப்ளிஃபையர் செய்வது, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது. நம் ஊர்க் கடைத்தெருவில் சால்டரிங் அயனும் கையுமாக உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1970களின் தொடக்கத்தில், பெரிய ஸ்டூடியோ ஒன்று கழித்துக்கட்டிய நான்கு டிராக் மிக்ஸரை வாங்கி வாட்டர்ஹவுஸ் பகுதியில் தன் வீட்டிலேயே வைத்தார். குரலை ஒரு வரி விட்டு அணைப்பார். டிரம்மை மட்டும் ஓட விடுவார். ஒரு சொல்லை எக்கோவில் போட்டுக் கிணற்றுக்குள் கூப்பிட்டது போலச் சுற்ற விடுவார். நம் மேடை நாடகங்களிலும் எக்கோ இருந்தது, சாமி பேசும்போது போடுவார்கள். அவரோ எக்கோவையே வாத்தியமாக்கிவிட்டார்.

அவருடைய செட்டில் குரலில்லாத தட்டின் மேல் மைக் பிடித்துத் தாளத்தோடு பேசியவர் யூ ராய். அந்தப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த கிங்ஸ்டன் சிறுவன் ஒருவன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, 1973 ஆகஸ்ட் 11இல் தங்கையின் விருந்துக்கு செட் போட்டான். டிஜே கூல் ஹெர்க் என்ற அவனுடைய அந்த விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். மலேசியாவின் யோகி பி, இங்கே ஹிப் ஹாப் தமிழா என்று நம் பிள்ளைகள் கேட்கும் தமிழ் ராப்பின் கொள்ளுப்பாட்டன் ஒரு ஜமைக்கா மைக் செட்காரர்.

நேரடியாகவும் இந்த இசை தமிழுக்கு வந்திருக்கிறது. 1996 பொங்கலுக்கு வந்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் பாடிய அப்பாச்சி இந்தியன், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜமைக்காக்காரர்களோடு வளர்ந்த பஞ்சாபி. லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்புக்காகச் சென்னையில் உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். அதில் ஒரு பாட்டின் காட்சியைப் படம் பிடித்தது ஜமைக்காவில். டெல்லியில் தரு டால்மியா என்பவர் மக்களிடம் நிதி திரட்டி ஜமைக்கா முறையில் ஒரு சவுண்ட் சிஸ்டமே செய்திருக்கிறார்.

கிங்ஸ்டனில் ரே டவுன் என்ற மீனவர் குப்பத்தை ஒட்டிய தெருவில் 1980களிலிருந்து ஞாயிறு இரவு பழைய பாட்டு ஆட்டம் நடக்கிறது. நம் வயதுக்காரர்கள் நல்ல உடை உடுத்தி ஜோடியாக வந்து ஆடுகிறார்கள். மலைமேல் இன்னொரு இடத்தில் ஞாயிறு தோறும் டப். அந்தத் தீவில் அடிமைக் காலத்திலேயே ஞாயிறுதான் தன் நிலத்தில் பயிரிடவும் சந்தைக்குப் போகவும் கிடைத்த நாள். இங்கே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தின் முதல் நாளை ஓய்வு நாளாக்கியது. உடம்பை விற்றுப் பிழைப்பவனுக்கு அந்த ஒரு நாள்தான் அவனுடைய நாள். ஆகவே மாடிப் பையன்களின் ஞாயிற்றுச் சத்தத்தை யாராவது குறை சொன்னால் நான் அவர்கள் பக்கம்தான் பேசுவேன், பத்து மணி வரைக்கும்.

பத்து மணி என்று சட்டமே இருக்கிறதே! 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. ஜமைக்காவிலும் 1997இல் இரைச்சல் தடுப்புச் சட்டம் வந்தது. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் உள்ள ஊரில் இது தேவைதான். ஆனால் ஒரு வித்தியாசம். 2018 நவம்பரில் யுனெஸ்கோ ரெக்கேயை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 1989 பிப்ரவரி 6இல் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ரேடியோ ரிப்பேர்க்காரரின் பெயரில் புத்தகங்கள் இருக்கின்றன. நம் மைக் செட்காரரோ எழுத்தில் பதிவானது பெரும்பாலும் இரைச்சல் விதிகளில்தான்.

அவர் புது இசை உண்டாக்கவில்லை, உண்மை. ஆனால் ரேடியோ இல்லாத வீடுகளுக்கு சீர்காழியையும் டி.எம்.எஸ்.ஸையும் சேர்த்தவர் அவர்தான். விசேஷ வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்கியவர். அவர் பெயரென்ன, பெட்டியில் என்ன எழுதியிருந்தது, முதலில் எந்தத் தட்டைப் போடுவார் என்று நம் தலைமுறைக்கு மட்டுமே தெரியும். நினைவிருப்பவர்கள் ஒரு நோட்டில் எழுதி, பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்து வையுங்கள்.