பள்ளிக்கு வந்த பின்னல் ஊசி



சமையலறையில் பாத்திரம் துடைக்கப் பயன்படும் ஒரு சிறு பருத்தித் துணியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். தறியில் நெய்த துணியன்று. இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலும் கொண்டு கையாற் பின்னிய துணி. இத்தனை சிறிய பொருளுக்கும் வரலாறு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நம் திருநெல்வேலிச் சீமைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நெசவுக்குப் பாவு, ஊடை என இருவகை நூல் வேண்டும், தறி வேண்டும், தறியை நிறுத்த இடமும் வேண்டும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஊசியில் உள்ள கண்ணிக்குள் நூலை நுழைத்து மற்றொரு கண்ணியை இழுக்க வேண்டும்; அதற்குள் இன்னொன்று. இதுவே அக்கலையின் முழு இரகசியம்.

தாமிரபரணிக் கரையில் நெசவு நன்கு வேரூன்றிய தொழில். வீரவநல்லூரில் சேலை நெய்தார்கள். பத்தமடையில் பருத்திப் பாவில் கோரையைக் கோத்துப் பாய் முடைந்தார்கள். கரிசல் பூமி கருங்கண்ணிப் பருத்தியைத் தந்தது. 1880-களில் பாபநாசத்தின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி நூற்பாலை எழுந்தது. ஆகவே பஞ்சுக்கும் நூலுக்கும் இங்குக் குறைவில்லை. ஆயினும், இரண்டு ஊசி கொண்டு பின்னும் வேலை இங்கே எந்தக் குலத்துக்கும் உரிய தொழிலாக இருந்ததில்லை. இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உலகில் எஞ்சியுள்ள பழைய ஊசிப் பின்னல்களுள் எகிப்து நாட்டில் கிடைத்த பருத்திக் காலுறைகள் புகழ் பெற்றவை. நீலமும் வெள்ளையுமாகப் பின்னப்பட்ட அவை பல நூற்றாண்டுப் பழமை உடையவை. பின்னர் இக்கலை ஐரோப்பா எங்கும் பரவியது. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் எந்திரத்தையே அமைத்துவிட்டார். நம் நாட்டின் தென்கோடிக்கு இத்தகைய நூல் வேலைகள் பெரும்பாலும் மிஷன் பெண்பள்ளிகளின் வழியாக வந்து சேர்ந்தன.

அவற்றுள் முதலிற் பெயர் பெற்றது ஊசிப் பின்னல் அன்று. அதன் உடன்பிறப்பாகிய லேஸ். 1819-ஆம் ஆண்டில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலுக்கு மால்ட் தம்பதியர் வந்தனர். மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்பள்ளியில் லேஸ் வேலையைக் கற்பித்தார். அவர் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, நம் மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊராகிய இடையன்குடிக்கு வந்தார். வரும்போது தாய் வீட்டுச் சீதனமாக அக்கலையையும் கொண்டுவந்தார். திண்டின் மேல் வடிவத்தாளை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் நுண்மையான வேலை அது.

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் நாகர்கோவிற் பகுதியில் இருந்ததாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. தந்தை வழியாலும் ஆண்டான் வழியாலும் வராத ஒரு தொழில், அப்பெண்களுக்குச் சொந்தமான காசைத் தந்தது. அது பெரிய செய்திதான். ஆனால் அந்த லேஸை அவர்கள் அணியவில்லை. அது சீமைக்கும் செல்வர் வீட்டுக்கும் சென்றது. செய்த கைக்குக் கூலி எஞ்சியது. செய்த பொருள் எஞ்சவில்லை.

இனி நூறாண்டுக் காலத்தைத் தாண்டி வருவோம். 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். ஆதாரக் கல்வி பிறந்தது. தக்ளி பள்ளிக்குள் நுழைந்தது. பிறகு 1953-இல், சென்னை மாநிலச் சிற்றூர்ப் பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி பள்ளியிலும், மற்றப் பகுதி பெற்றோரின் தொழிலிலும் பயிலலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ‘இது குலக்கல்வி’ என்று நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே. ஆயினும் அந்த மனக்கசப்பில், கைவேலை என்றாலே ஏட்டுக் கல்விக்கு எதிரி என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு ஊன்றிவிட்டது. அப்படி எண்ணியவருள் நானும் ஒருவன்.

1990-களில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கு நான் தலைமையாசிரியனாக இருந்தேன். தேர்வு நெருங்கினால் தையல் பாடவேளையை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன். தையல் ஆசிரியை மூத்தவர்; எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் இரண்டு ஊசிகளையும் நூலுருண்டையையும் என் மேசைமேல் வைத்து, “ஐயா, ஒரு துணி பின்னிப் பாருங்கள், பிறகு பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

அவர் சொன்ன முறை எளிது. கொஞ்சம் தடித்த பருத்தி நூல். நான்கு மில்லிமீட்டர் ஊசி. முதலில் 39 கண்ணிகளை ஏற்ற வேண்டும். அது ஏறத்தாழ ஒரு சாண் அகலம் வரும். பருத்தி கம்பளியைப் போல நீண்டு கொடுக்காது. ஆகையால் நூலை இறுக்கிப் பிடிக்கலாகாது. நூலைப் பின்புறம் வைத்து ஒரு நேர்க் கண்ணி, முன்புறம் கொண்டுவந்து ஒரு புரட்டுக் கண்ணி என வரிசை முழுதும் மாறி மாறிப் பின்ன வேண்டும். துணியைத் திருப்பி, அடுத்த வரிசையையும் நேர்க் கண்ணியிலேயே தொடங்க வேண்டும். கம்பைத் தூவியதுபோல் துணியெங்கும் புள்ளிகள் எழும். அந்தப் புள்ளிகளே அழுக்கைத் தேய்த்தெடுக்கும். இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் ஓரம் சுருளாது. துணியை மூலைக்கு மூலை மடித்தால் ஓரங்கள் சரியாகப் பொருந்தும் வரை பின்னி, கண்ணிகளை முடித்துவிட்டால் சதுரம் கிடைத்துவிடும்.

நான் நான்கு விரற்கடை பின்னினேன். திடீரென்று புள்ளிகள் மறைந்து, துணியில் நெடுங்கோடுகள் விழத் தொடங்கின. காரணம் விளங்கவில்லை. பதிவேட்டில் கையொப்பம் பெற வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை உற்றுப் பார்த்தாள். கணக்கு வராத பிள்ளை என்று நான் முடிவு கட்டியிருந்தவள் அவள். ஊசியில் விரலை ஓட்டி எண்ணிவிட்டு, “ஐயா, ஒரு கண்ணி நழுவிட்டு. முப்பத்தெட்டுதான் இருக்கு. ரெட்டைப்படைன்னா கோடுதான் விழும், ஒத்தைப்படையிலதான் புள்ளி வரும்” என்றாள்.

நான் பேச்சற்று இருந்தேன். ஒற்றை, இரட்டை எண்களைக் கரும்பலகையில் எழுதி எத்தனையோ முறை அவளுக்கு விளக்கியிருக்கிறேன். என் சொல் புகாத இடத்தில் நூல் புகுந்திருந்தது. அதன்பின் அந்தப் பாடவேளையை நான் தொட்டதில்லை. பையன்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். யார் வீட்டுத் தொழிலும் அல்லாத ஒரு வேலையில் எல்லாரும் ஒன்றுபோல் தொடக்கக்காரர்கள். யாரும் யாருக்கும் கீழல்லர்.

அச்சிறுமியின் வீட்டில் பீடி சுற்றுவார்கள். மாலையில் அவளும் தாயருகே முறத்துடன் அமர்வாள். அவ்விரல்கள் செய்தவை யாவும் கட்டுகளாகிக் கடைக்குப் போய்விடும். தான் பின்னி முடித்த துணியை அவள் என்னிடம் கொடுக்க வந்தாள். “வீட்டுக்குக் கொண்டு போ, அம்மா” என்றேன். சில நாள் கழித்து ஒரு வேலையாக அவ்வீட்டுக்குப் போனபோது, அடுப்பருகே ஓர் ஆணியில் அது தொங்கக் கண்டேன். அதற்குள் கறையேறி நன்றாகப் பயன்பட்டிருந்தது. “எம் பொண்ணு செஞ்சது” என்றாள் தாய், நான் கேட்காமலே.

இடையன்குடிப் பெண்களின் லேஸ் எங்கோ கடல் கடந்து போயிற்று. இந்தத் துணி போகவில்லை. கைத்தொழில் பிள்ளையைக் கட்டிப்போடுமா, கைதூக்கி விடுமா என்பது தொழிலைப் பொறுத்தது அன்று. யார் தேர்ந்தார், யாருக்காகச் செய்தார், பயன் யாரிடம் தங்கிற்று என்பதைப் பொறுத்தது. பாடவேளைப் பட்டியல் எழுதும் ஆசிரிய நண்பர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கோடு விழுந்த என் அரைத்துணி இன்னும் என்னிடம் இருக்கிறது.