பல்லாங்குழியில் இருப்பு குறைந்தவரின் ஆட்டம்

பல்லாங்குழியில் இருவரும் சமமாக இருப்பது முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே. பக்கத்துக்கு 7 ஆக 14 குழி; குழிக்கு 5 வீதம் 70 காய். ஆட்டம் முடியும்போது ஒருவரிடம் காய் கூடியிருக்கும், மற்றவரிடம் குறைந்திருக்கும். அந்த ஏற்றத்தாழ்வை அழித்துவிட்டு மறுபடி சமமாகப் பிரித்துக்கொள்வதில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் முழுப் படையோடு வந்து உட்காரலாம். பல்லாங்குழியில் தோற்றவர் மிஞ்சிய காயை வைத்துத்தான் ஆடியாக வேண்டும்.

தமிழகத்தில் இது பெரும்பாலும் பெண்களின் ஆட்டமாக இருந்து வந்திருக்கிறது. வயதுக்கு வந்த பெண் தனித்திருந்த நாட்களிலும், கர்ப்பிணிகள் ஓய்ந்திருந்த பொழுதுகளிலும், ஏகாதசி, சிவராத்திரிக் கண்விழிப்பிலும் ஆடப்பட்டது. கல்யாணச் சீரில் பல்லாங்குழிப் பலகையும் ஒன்றாகப் போனது. மீன் வடிவில் மடங்கும் மரப்பலகைகளும் பித்தளைப் பலகைகளும் வசதியுள்ள வீடுகளுக்கு உரியவை. பலகை இல்லாதவர்கள் தரையிலேயே குழி பறித்துக்கொள்ளலாம். ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டில் குழி இறுகி நிற்கும். சற்று வடக்கே மரக்காணத்துக் கடற்கரை மணலில் சரிந்துவிடும். காய்க்குப் புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி, மஞ்சாடி என்று எது கிடைத்தாலும் போதும்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறினாலும் பொதுவான முறை ஒன்று உண்டு. தம் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வெறுமை என்றால் கிடைப்பது ஒன்றுமில்லை. போடப் போட ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்த ஆட்டம் தொடங்கும்போதுதான் இந்த விளையாட்டின் தனிக்குணம் தெரியவரும். இருவரும் தத்தம் கையிருப்பிலிருந்து குழிக்கு 5 வீதம் நிரப்புவார்கள். நிரப்ப முடியாத குழிகளைக் குச்சி வைத்து அடைத்துவிடுவார்கள். அவற்றில் யாரும் காய் போடுவதில்லை. ஒருவரிடம் 45 காயும் மற்றவரிடம் 25 காயும் இருப்பதாகக் கொள்ளலாம். 25 உடையவர் 5 குழி நிரப்புவார், 2 குழி அடைபடும். 45 உடையவர் 7 குழிகளில் 35 காய் வைத்துவிட்டு மீதி 10 காயை மடியில் வைத்துக்கொள்வார். ஆட்டத்தில் இருப்பவை 60 காய். குறைந்தவர் பழையபடி 7 குழி பெற அதில் 35 காயைப் பிடிக்க வேண்டும். கூடியவருக்கு 25 போதும்.

மடியில் இருக்கும் காய்க்கு அந்த ஆட்டத்தில் ஆபத்து இல்லை. ஆனால் அதைக் கொண்டு எதிரியை நெருக்கவும் முடியாது. எவ்வளவு சேர்த்தவரும் 7 குழிக்கு மேல் வைக்க வழியில்லை. போக்கர் போட்டிகளிலும் இதற்கு நெருங்கிய ஒரு கணக்கு உண்டு. 10,000 சிப் வைத்திருப்பவர் 2,000 சிப் வைத்திருப்பவரோடு தனித்து மோதினால், அந்த மோதலில் பணயமாவது 2,000 மட்டுமே. மீதி பெயரளவுக்குத்தான் மேசையில் இருக்கிறது. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் தம் சிப்பை எண்ணுவதற்கு முன் எதிரியின் சிப்பை எண்ணுகிறார். எல்லோருக்கும் ஒரே அளவு சிப் கொடுத்து ஒருவர் மிஞ்சும் வரை ஆடும் முறையை லாஸ் வேகாஸின் உலகப் போக்கர் தொடர் 1971-இல் கைக்கொண்டது. அத்தகைய போட்டிகள் பெருகப் பெருக, எதிரியின் இருப்பைப் பார்த்து ஆட்டத்தை மாற்றுவது தனிக் கலையாக வளர்ந்து நூல்களிலும் ஏறியது. பல்லாங்குழியின் கணக்கை அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைப்பழக்கமாகவே அது வந்தது.

போக்கரில் இல்லாத ஒரு படிக்கட்டும் இங்கே உண்டு. 24 காய் இருந்தால் 4 குழி, 25 இருந்தால் 5. ஒரே ஒரு காய் ஒரு குழியைத் திறந்துவிடும் அல்லது அடைத்துவிடும். எனவே இருப்பு குறைந்தவர் 35-ஐ எட்டப் பார்ப்பதைவிட, அடுத்த ஐந்தின் மடங்கை எட்டப் பார்ப்பதே அறிவு. 5 காயோடு ஒற்றைக் குழியில் நிற்பவர் ஆட்டத்தில் இருக்கும் 40 காயில் 10 பிடித்தாலே இரண்டாம் குழி திறந்துவிடும். மேலே இருப்பவருக்கோ இன்னொரு சிக்கல். பல்லாங்குழியில் தாயக்கட்டை கிடையாது, தற்செயலுக்கு இடமில்லை. 14 குழியில் எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் எத்தனை காய் வரும் என்பது பழகியவருக்கு மனப்பாடம். எதிரியின் 2 குழி அடைபட்டதும் சுற்று 12 குழியாகச் சுருங்கி, அந்த மனப்பாடம் உதவாமல் போகிறது. ஆனாலும் குறைந்தவர் பாடு எளிதல்ல: அள்ளத் தொடங்கும் குழிகள் குறைவு, பசு சேரும் இடமும் குறைவு.

5 காய்கூட இல்லாத நிலை வந்தால், மிஞ்சியதைக் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடுவதற்குச் சில ஊர்களில் இடம் உண்டு. அதற்குப் பெயர் ‘கஞ்சி காய்ச்சுதல்’. இந்தக் கேலிப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால், பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் பல்லாங்குழியில் தனிச்சொத்துரிமையின் சாயலைக் கண்டது இயல்பே. சமமாகத் தொடங்கியவர்களில் ஒருவரிடம் சொத்து குவிவதையும் மற்றவர் வறுமைப்படுவதையும் விளையாட்டு நியாயமாக்கிக் காட்டுகிறது என்பது அவர் பார்வையின் சாரம். வலுவான வாசிப்புதான். ஆயினும் 7 குழி என்ற உச்சவரம்பு அதில் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. நிஜச் சொத்துக்கு அப்படியொரு வரம்பு இருப்பதில்லை.

எதிரியே இல்லாத வகை ஒன்றும் உண்டு. அசோகவனத்தில் சீதை தனியே ஆடியதாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அதில் இருப்புக் கணக்குக்கு வேலையில்லை.

இலங்கையில் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஆடப்படும் ‘ஒலிந்த கெலிய’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலிந்த என்பது குன்றிமணி. ஹென்றி பார்க்கர் 1909-இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இவ்வகை ஆட்டங்களை விவரித்தார், எச். ஜே. ஆர். முர்ரே 1952-இல் வந்த பலகை விளையாட்டு வரலாற்றில் உலகெங்கும் உள்ள இவ்வகைகளைத் தொகுத்தார். மலாய் மக்களின் சொங்காக், பிலிப்பைன்ஸின் சுங்கா ஆகியவற்றிலும் தோற்றவர் மிஞ்சிய காயைக் கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு வருகிறார், நிரப்ப முடியாத குழிகள் ஆட்டத்திலிருந்து விலக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸில் அப்படிப்பட்ட குழியை ‘எரிந்த வீடு’ என்கிறார்கள். பின்வரும் ஆட்டங்களில் போதிய காய் சேர்த்து அதை மீட்டுக்கொள்ளலாம்.