பஜ்ஜு ஷ்யாம்

பஜ்ஜு ஷ்யாம் (பிறப்பு 1971) மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர். அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசேர்த்தவை, சென்னையில் கையால் அச்சிட்டுத் தைக்கப்பட்ட நூல்கள்.

திண்டோரி மாவட்டத்திலுள்ள பாட்டன்கர் சிற்றூரில், பர்தான் கோண்டு குடும்பத்தில் பிறந்தார். பர்தான்கள் கோண்டு மக்களின் பரம்பரைப் பாணர்கள். பானா என்னும் நரம்பிசைக் கருவியை இசைத்துக் குலக்கதைகளைப் பாடுவது அவர்கள் தொழில். பெண்கள் மண்சுவரிலும் தரையிலும் திக்னா என்ற கோலத்தை வரைவார்கள். தாய்க்குக் கை எட்டாத உயரத்தில் சுவருக்கு வண்ணம் பூசியதுதான் பஜ்ஜுவின் முதல் பயிற்சி. பதினாறு வயதில் பிழைப்புத் தேடி ஊரை விட்டவர், போபாலில் இரவுக் காவலாளியாகவும் மின்பணியாளராகவும் இருந்தார். சிற்றப்பா ஜன்கர் சிங் ஷ்யாம் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். பாட்டிலும் சுவரிலும் இருந்த கோண்டு உலகத்தை 1980களில் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர் ஜன்கர்.

இந்த மரபில் உருவத்தின் வெளிக்கோட்டைவிட உள்நிரப்புக்கே மதிப்பு அதிகம். மானையும் மயிலையும் யாரும் வரையலாம். அவற்றின் உடலைப் புள்ளியாலோ கீற்றாலோ சங்கிலியாலோ எப்படி நிரப்புகிறார் என்பதுதான் ஓவியரைக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் நிரப்புமுறையை மற்றவர் எடுத்தாள்வதில்லை. கையொப்பம் இல்லாவிட்டாலும் படம் யாருடையது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் படத்தில் பாதியைப் பார்க்கவில்லை.

லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களை வரைய அழைக்கப்பட்ட பஜ்ஜு, அங்கே இரண்டு மாதம் தங்கினார். அந்த அனுபவம் 2004இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்ற நூலானது. வெளியிட்டது, 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய சென்னையின் தாரா புக்ஸ். அதில் பிக் பென் கடிகாரம் சேவலாகிறது, சுரங்க ரயில் மண்புழுவாகிறது, விமானம் சிறகு முளைத்த யானையாகிறது. பழங்குடிகளை வெளிநாட்டார் எழுதிவந்த வழக்கம் இங்கே தலைகீழாகிறது. பெருநகரவாசிகளே வேடிக்கைப் பொருள்.

சக ஓவியர்கள் துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோருடன் சேர்ந்து செய்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ (2006) பஜ்ஜுவின் நூல்களில் மிகவும் புகழ்பெற்றது. பகலெல்லாம் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரங்கள் இரவில்தான் தம் உயிருருவைக் காட்டுகின்றன என்பது கோண்டு நம்பிக்கை. ஆகவே நூலின் தாள் கறுப்பு. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்த கைத்தாள் அது. படத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் தயாராகும். ஒரு நிறம் அச்சாகிக் காய்ந்த பிறகே அடுத்த நிறம். திருமண அழைப்பிதழ் அச்சில் நமக்குப் பழகிய ஸ்கிரீன் பிரிண்டிங்தான். ஆனால் மயிரிழைக் கோடுகளை நூறு நூறு தாள்களில் இம்மியும் விலகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவது வேறு வேலை. ஆஃப்செட் அச்சில் மை தாளோடு அமுங்கிவிடும். இதிலோ தாளின் மேல் கனமாக நிற்கும், கறுப்பின்மீது வெள்ளையும் மஞ்சளும் மங்காது. பிறகு நூலைக் கையாலேயே தைத்து, படிக்கு எண்ணிடுகிறார்கள். சி. ஆறுமுகம் தலைமையில் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் அச்சகத்தின் கைவினைஞர்கள் செய்த வேலை இது. ஓவியரைக் கொண்டாடும் மதிப்புரைகள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமல்ல; கோண்டு கோட்டின் நுணுக்கம் வாசகர் கைக்கு வந்துசேர்ந்ததில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு.

இந்நூல் 2008இல் இத்தாலியின் போலோனியா ரகாஸி விருதைப் பெற்றது. மறுபதிப்புகளில் அட்டைக்கு வேறுவேறு மரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாட்டார் ஓவியரை வெறும் ‘படம் வரைந்தவர்’ என்று உள்பக்கத்தில் ஒதுக்காமல், அட்டையில் ஆசிரியராகவே பெயர் போட்டது இந்தியப் பதிப்புலகில் அரிதான செயல். பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.