டீக்கடையில் வழி கேட்ட கதை

ஒருத்தர் மனநல மருத்துவரைப் பார்க்கணும். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஆட்டோவில் திரையை இறக்கிட்டுப் போறார். ஆனா ஏறும் முன்னாடி, "அந்த டாக்டர் கிளினிக் எங்க?"ன்னு தெருமுனை டீக்கடையிலயே விசாரிச்சுட்டார்!

ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் ப்ராக்ஸி போட்டுக்கிட்ட பலருக்கு ரொம்ப வருஷம் நடந்தது இதுதான்.

தளத்தின் பெயரைச் சொன்னால் எண் முகவரியைத் தரும் டிஎன்எஸ் முறையை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்காபெட்ரிஸ். அதில் கேள்வி தபால் கார்டு மாதிரி திறந்தபடி போகும். வழியில் இருக்கும் இணைய நிறுவனம் படிக்கலாம்.

அப்புறம் வந்தது சாக்ஸ் ப்ராக்ஸி (காலில் போடுறது இல்லைங்க). நமக்குப் பதிலா தளத்துக்குப் போய்வரும் ஆள். 4-ஆம் பதிப்பிடம் எண் முகவரி மட்டுமே கொடுக்க முடியும். அதனால் பெயரை நாமே விசாரிக்கணும். 1996-இல் வெளியான 5-ஆம் பதிப்பில் பெயரையே கொடுத்துடலாம், விசாரிப்பது ப்ராக்ஸியின் வேலை.

அத்தோட முடிஞ்சிருக்கணும். ஆனா ஃபயர்பாக்ஸில் நாமே செட்டிங்ஸ் போய் டிக் அடிச்சால்தான் அப்படி நடக்கும். எத்தனை பேர் அடிச்சிருப்பாங்க? 2024 ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பில்தான் சாக்ஸ் 5-க்கு அது தானாகவே நடக்க ஆரம்பிச்சது. 28 வருஷம்!

எச்ஐவி, குடிநோய், கருக்கலைப்பு பற்றியெல்லாம் பலர் எங்ககிட்ட வரும் முன்னாடி இணையத்தில்தான் தேடுறாங்க. என்ன படிச்சாங்கன்னு தெரிய வேண்டாம், தளத்தின் பெயரே காட்டிக்கொடுத்துடும்.

இப்போ அந்தக் கேள்வி ப்ராக்ஸி நடத்துறவர் காதுக்குப் போகுது. அவர் யாருன்னு பார்த்துக்கோங்க.