தமிழ்த் திருச்சபையும் இளைய தலைமுறையும்

பெற்றோர் ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனைக்குச் செல்ல, வளர்ந்த பிள்ளைகள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர் என்னும் குறையைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் கிறித்தவக் குடும்பங்களில் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். கேளிக்கை மோகம், கைப்பேசி, தீய நட்பு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றை ஆராயுமுன் இந்தத் திருச்சபைகள் எழுந்த வரலாற்றை நோக்குதல் நலம்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயால் வளர்ந்த ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் வந்தனர். தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். அவருள் கிறித்தவராயினார் தத்தம் சபையையும் உடன் கொணர்ந்தனர். 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியின் கிளையே, 1924-இல் பிரிக்பீல்ட்ஸில் தோன்றிய சீயோன் ஆலயம். புடுவில் தமிழ்க் கத்தோலிக்கருக்கெனப் புனித அந்தோணியார் கோயில் எழுந்தது. கிள்ளானில் 1928-இல் லூர்து மாதா கோயில் கட்டப்பட்டது. உற்றார் உறவினரைக் கடலுக்கப்பால் விட்டு வந்தவர்க்கு இவை வழிபாட்டு இடங்களாக மட்டும் இருக்கவில்லை. ஊர்ச் செய்தி கிடைத்ததும், திருமணப் பேச்சு நடந்ததும், இழவுக்குத் தோள் கொடுக்க ஆள் சேர்ந்ததும் அங்கேதான். அந்தத் தேவை பேரப் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் பிறந்த ஊரே இதுதானே!

இனி, மொழிக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடும்வரை கத்தோலிக்கப் பூசை இலத்தீனில் நடந்தது. மறையுரையும் பக்திச் சபைகளும் மொழிவாரியாக இருந்தபோதிலும், பூசை மொழி தமிழர்க்கும் சீனர்க்கும் ஒன்றே. சங்கத்திற்குப் பின் அவரவர் மொழி பீடமேறிற்று. தமிழுக்கு அது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே கோயிலில் தமிழ்ப் பூசைக்கு ஒரு மணி, ஆங்கிலப் பூசைக்கு வேறொரு மணி என்று ஏற்பட்டதும், தாய் ஒன்றுக்கும் மகன் மற்றொன்றுக்கும் செல்ல வழி பிறந்தது.

மெதடிஸ்தரிடையே இப்பிரிவு அமைப்பு முறையிலேயே உண்டு. தமிழ்ச் சபைகள் ஒரு மாநாட்டின்கீழும், ஆங்கிலச் சபைகள் மற்றொரு மாநாட்டின்கீழும் இயங்குகின்றன. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்றனர். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. தமிழ்ப் பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிகிறது. ஆகவே வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும், பவர் ஐயர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற திருத்தமொழிபெயர்ப்பின் தமிழ் எளிதில் விளங்குவதில்லை. பிரசங்கியார் அந்த நடையிலேயே பேசினால், பின்வரிசையில் இருப்பவனுக்கு எட்டுவது ஓசை மட்டுமே.

அங்ஙனம் பெயர்ந்தோரிற் சிலர், 1970-களுக்குப் பின் பெருகிய பரவச எழுச்சிச் சபைகளை அடைந்தனர். தாய்ச்சபையின் பதிவேட்டில் இவர்கள் இழப்பு, கிறித்தவத்திற்கோ இழப்பல்லர். 'இளைஞர் போய்விட்டனர்' என்று வருந்துவோர் இவ்விரு கணக்கையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

முற்றிலும் நின்றுவிட்டவர் எத்தனை பேர்? குடிக்கணக்கு இதைச் சொல்லாது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலேசிய இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் கிறித்தவர். கணக்கெடுப்பார் சமயத்தைக் கேட்பரேயன்றிக் கோயிலுக்குப் போவதுண்டா என்று கேட்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறித்தவர் எனத் தம்மைக் குறித்தோர் 2011-இல் நூற்றுக்கு 59 ஆக இருந்து 2021-இல் 46 ஆகக் குறைந்தனர். அங்கே விலகியவன் 'சமயமில்லை' என்று எழுதிவிடுகிறான். 1970-இல் வகுத்த ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடே இறைநம்பிக்கையாயிருக்கும் இந்நாட்டில், அவ்வாறு எழுதுவோர் மிகச் சிலர். இங்கே விலகல் ஓசையின்றி நிகழ்கிறது. பெயர் மரியதாஸ் ஆகவே இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை உண்டு. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் பயணமும் உண்டு. மற்ற ஞாயிறுகளில் ஆளைக் காணோம்.

மொழி ஒன்றே காரணம் என்று சாதிக்க நான் முன்வரேன். என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், நல்ல தமிழறிவுடையவர், ஆலயம் செல்வதை நிறுத்திவிட்டார். ஏன் என்றேன். "ஐயா, ஞாயிறு பள்ளியில் கேள்வி கேட்டேன். விசுவாசம் போதாது என்றார்கள், கேட்டதற்கு விடை வரவில்லை," என்றார். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது, அங்கிருந்த சிற்றாலயங்களோடு வைத்த உறவு அறுந்து, கிள்ளான் அடுக்குமாடிகளிற் குடியேறியவரும் உளர். ஞாயிற்றுக்கிழமையும் முறைவேலை பார்ப்போரை என்ன சொல்வது?

ஆயினும் தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கவலை உண்டு. வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் உயிரோடிருப்பது பாடநூலில் அன்று, தமிழ் ஆராதனையில்தான். கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் காதாற் கேட்கும் வாய்ப்பும் அவ்வட்டத்திற்கு வெளியே அரிது. இப்போது சில சபைகளில் தமிழ்ப் பாடல்களை உரோமன் எழுத்தில் திரையிற் காட்டுகின்றனர். முதியோர் முகம் சுளிக்கின்றனர். எனக்கும் அது உவப்பானதன்று. எனினும் அத்திரையை நோக்கிப் பாடும் பிள்ளை ஞாயிறு காலை அங்கே வந்திருக்கிறது. எழுத்தை அதற்குக் கற்பிக்க, ஆராதனை முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்க எந்தச் சபையார் முன்வருவர் என்பதே என் கேள்வி.