பட்டையில் ஊற்றிய கஞ்சி

சோற்றைச் சிந்துகிற பிள்ளையை எங்கள் பக்கத்துக் கிழவிகள் திட்டினால் அதில் தாது வருசம் வந்துவிடும். "தாது வருசத்துல பொறந்திருந்தா தெரியும் ஒனக்கு" என்பாள் அப்பத்தா. அவளும் அந்த வருசத்தைப் பார்த்தவள் இல்லை. ஆத்தா சொல்லக் கேட்டது, அந்த ஆத்தாளுக்கு அவள் ஆத்தா சொன்னது. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் மானம் பாத்த பூமி. குண்டாற்றில் தண்ணி வந்து கண்மாய் பெருகினால் நெல்லு. இல்லாவிட்டால் கம்பு, வரகு, குதிரைவாலி. அதுவும் இல்லாவிட்டால் தாது வருசம்.

திருச்சுழி என்றதும் ரமணர் பிறந்த ஊர் என்பார்கள். அவர் பிறந்தது 1879 டிசம்பரில். பஞ்சம் ஓய்ந்து சூடு ஆறாத நேரம். அன்றைக்கு அந்த வட்டாரத்துச் சேரிகளில் எத்தனை அடுப்பு புகைந்தது என்று எந்தத் தலபுராணமும் சொல்லாது.

1876-ல் தொடங்கி 1878 வரை இழுத்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் கணக்கு. மழை பொய்த்தது நிசம். ஆனால் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமந்த ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தான். பத்தாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். அரை ராத்தலுக்காகத் துரைமார் காகிதத்தில் சண்டை போட்ட அந்த மாதங்களில் எங்கள் சனம் கத்தாழைக் கிழங்கு தோண்டித் தின்றதாக அப்பத்தா சொல்வாள். கால் இருந்தவன் பாம்பன் பக்கம் போய்த் தோணியேறி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனான்.

இந்தப் பசியை யார் எழுதினார்கள்? சிவகங்கைச் சமஸ்தானத்து வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' எழுதினார். 1899-ல் அச்சானது. பஞ்சம் தீர்க்க வக்கில்லாத மதுரைச் சோமசுந்தரக் கடவுள், சிவகங்கை ராசாவுக்குச் சிபாரிசுக் கடுதாசி கொடுத்தனுப்புகிறார். நல்ல கிண்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சாமி ராசாவுக்கு எழுதிய கடுதாசி. சேரிக்காரன் யாருக்கும் எழுதிய கடுதாசி இல்லை.

யார் படம் பிடித்தார்கள்? ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமாய் நம்ம சனங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தான். இன்றைக்கும் பஞ்சம் பற்றிய புத்தகம் எதைத் திறந்தாலும் அந்தப் படங்கள்தான். விலா எலும்பை எண்ணிவிடலாம், பெயர் மட்டும் இருக்காது. இதே ஹூப்பர் 1886-ல் பர்மாவில், கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நொடியைப் படமெடுக்க நின்று கண்டனம் வாங்கியவன்.

பசித்தவன் பக்கம் நின்று வரைந்த இளவட்டங்களைப் பார்க்க வேண்டுமானால் வங்காளத்துக்குத்தான் போகணும். 1943 பஞ்சம். சித்தப்ரோசாத், ஜைனுல் ஆபெதின், சோம்நாத் ஹோர் மூவரும் முப்பதைத் தொடாதவர்கள். சோம்நாத்துக்கு 22 வயசு. ஆபெதின் மலிவான பொட்டலக் காகிதத்தில் கறுப்பு மையால் இழுத்தார். சித்தப்ரோசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார். வரைந்ததோடு விடவில்லை, யார், எந்த ஊர், எப்படிச் செத்தான் என்று எழுதினார். நாய் நரி தின்ற பிணத்துக்கும் பெயர் போட்டார். 'பசித்த வங்காளம்' என்று புத்தகமாக வந்ததும் வெள்ளைக்காரன் 5000 பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தான். வீட்டார் காப்பாற்றி வைத்த ஒரு பிரதியிலிருந்து 2011-ல் மறுபடி அச்சிட்டார்கள். 1944-ல் மக்கள் நாடக மன்றத்துப் பிள்ளைகள் பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' நாடகத்தைக் கல்கத்தாவில் மேடையேற்றினார்கள். பினாய் ராய் தலைமையில் ஒரு குழு வங்காளத்துப் பசியைப் பாடிக்கொண்டே பல மாகாணங்களுக்கும் போய் நிவாரணப் பணம் திரட்டியது.

சித்தப்ரோசாத் தன் பார்ப்பனப் பட்டப் பெயரைத் தூக்கி எறிந்தவர். அதற்காகவே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். இருந்தாலும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள், மீன்பிடிப்பவர்கள், நெல் குத்தும் பெண்கள் என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதினார். அந்தத் தொழில்களில் கிடந்த நாமசூத்திரர் போன்ற சாதிகளின் பெயர், பசியைப் பாடிய பாட்டில் எவ்வளவு ஏறியது? 'மக்கள்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கினார்கள். வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதான். உலை ஒண்ணா?

உலையைக் கேள்வி கேட்டவர் நம்ம பக்கத்தில் ஒருவர் இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் எல்லாருக்கும் தெரியும். 2005-ல் மறைந்தார். 1980, 90களில் அவரிடம் படித்த பையன்களும் பெண்பிள்ளைகளும் கோயிலுக்குள்ளே பறையடித்தார்கள். சாவுக்கு அடிக்கிற மேளம் ஆண்டவர் முன்னாடியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் பாட்டுக்கும் போதனைக்கும் அடிப்படை 'ஒரே உலை'. தனித்தனியாய்ப் பொங்குவதை விட்டு ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பது. பசிக்கு மருந்தும் அதுதான், சாதிக்கு மருந்தும் அதுதான் என்றார். திருச்சபைக்குள்ளேயே சாதிக்கு ஒரு உலை கொதிப்பது தெரியாமலா சொன்னார்?

அது பழைய கதை என்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் மாவட்டத்துக் காமராசர் 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார். 1982-ல் அது சத்துணவாய் விரிந்தது. 2018-ல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கூட அடுப்பை நிறுத்தினார்கள். சோறு இருந்தது. ஆக்குகிற கைதான் ஆகவில்லை.

போன கோடையில் கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் சாவடி முன்னால் தாது வருசத்தை நாடகமாய்ப் போட ஒத்திகை பார்த்தார்கள். பண்ணையாள் கஞ்சி வாங்கும் காட்சிக்கு எவர்சில்வர் தூக்குவாளி வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி எழுந்து போய்ப் பச்சைப் பனையோலை கொண்டுவந்து, அங்கேயே பட்டை மடித்தாள். எங்கள் தெருவில் அது தெரிந்த கை இன்னும் ரெண்டுதான் மிச்சம்.

"இதுலதான்டா ஊத்துவாக. உக்காந்து வாங்கப்படாது, குனிஞ்சு ரெண்டு கையாலயும் ஏந்து. ஏ தாயி, நீ சம்சாரி வீட்டுப் பொம்பளதான? தள்ளி நில்லு. இன்னும் உசர நின்னு ஊத்து, கலயம் பட்டையில படக் கூடாது."

அந்தப் பிள்ளை உசரத்தில் நின்று ஊற்றினாள். பாதிக் கஞ்சி மண்ணில் போனது. கிழவி சிந்தியதற்குத் திட்டவில்லை. "இப்பச் சரி" என்றாள்.